கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்



காரைக்கால் என்னும் பெயருக்கு அறிஞர் பலவாறு பொருள் கூறுவர். அவற்றுள் ஒன்று நம் உள்ளத்தை நெடுநாளாகக் கவர்ந்து வருகிறது. ‘காரை’ என்பது சுண்ணாம்புச் சாந்து. ‘கால்’ என்பது வாய்க்கால். சுண்ணச்சாந்து கொண்டு கட்டப்பெற்ற வாய்க்கால் ஓடிய ஊர் ஆதலின் இப்பெயர் வந்தது என்பது அவர்தம் கருத்து. அந்த வாய்க்காலின் சுவடு எதுவும் இன்று கிடைக்கவில்லை. எனவே இது முடிந்த முடிபன்று. ஆயினும் சுண்ணாம்பைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கும் ஊர் என்று எண்ணிப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது. அத்தகைய ஊரில் வாழும் நாம் இன்று சுண்ணாம்புக் காரையைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். சிமெண்டு மூட்டையைக் கண்டால் கை கூப்புகிறோம். இந்த மாற்றத்தின் விலை என்ன, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி இக்கட்டுரையில் சற்றுக் கடுமையாகவே பேச எண்ணுகிறோம். யார்மீதும் காழ்ப்புக் கொண்டு பேசவில்லை. முதல் குற்றவாளியாக நம்மையே நிறுத்திக்கொண்டுதான் பேசுகிறோம்.

சில திங்களுக்கு முன் நமது பங்குப்பேரவையில் ஒரு தீர்மானம் வைக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பெற்ற நம் கோயிலை இடித்துவிட்டு, இரட்டைக் கோபுரங்களுடன் கான்கிரீட் கோயில் ஒன்றை எழுப்ப வேண்டும் என்பதே அத்தீர்மானம். அதற்குக் காரணங்களும் சொல்லப்பட்டன. மழைக்காலத்தில் வடமேற்கு மூலையில் கூரை ஒழுகுகிறது. அண்டைப் பங்கில் புதுக்கோயில் எழும்பிவிட்டது. பிரான்சு நாட்டிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பணம் அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார்கள். பொறியாளர் ஒருவர் வரைபடத்துடன் வந்திருந்தார். ஏறத்தாழ 4,000 மூட்டை சிமெண்டு தேவைப்படும் என்று அவர் மதிப்பிட்டிருந்தார். பேரவையார் பெருமகிழ்ச்சியோடு தலையசைத்தனர். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் எழுந்து, “சாமி, ஒழுகுற எடத்த அடைச்சாப் போதாதுங்களா? கோயிலையே எதுக்கு இடிக்கணும்?” என்று கேட்டார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வினா அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் நினைவூட்டுகிறார். சீடத்துவத்தின் விலையைப் பற்றிய உவமை அது என்பதை அறிவோம். ஆயினும் உவமையின் சொல்லையே ஒருமுறை அப்படியே எடுத்துக்கொண்டு பார்த்தால் என்ன? நாம் கோபுரம் கட்டப் போகிறோம். உட்கார்ந்தோமா? கணக்குப் பார்த்தோமா? சிமெண்டு மூட்டையின் விலையைப் பார்த்தோம். மூட்டைக்குள் வந்து சேர்வதற்கு முன் அது எங்கே இருந்தது, எதை எரித்தது, எதை வெளியேற்றியது என்பதைப் பார்த்தோமா?

கல் சொல்லும் கதை

அரியலூர் மண்ணை மிதித்தவர்களுக்குத் தெரியும், அங்கே வயலில் உழும்போது கூட கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடக்கும். நமக்கு வடமேற்கே, இன்று கடலுக்குப் பல கல் தொலைவில் இருக்கும் அந்நிலம் ஒரு காலத்தில் கடலின் மடியாக இருந்தது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நுண்ணுயிர்களும் நீரில் கரைந்திருந்த கரியமில வாயுவைத் தம் ஓடுகளாக மாற்றிக்கொண்டன. மாண்டபின் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. மனிதன் தோன்றுவதற்கு எத்தனையோ ஊழிகளுக்கு முன்பே, அவன் மூச்சுவிடத் தகுந்ததாகக் காற்றைத் தூய்மைப்படுத்தி, மிகுதியைக் கல்லுக்குள் பூட்டி வைத்தார் படைத்தவர் என்று விசுவாசக் கண் கொண்டு பார்ப்போர் கூறலாம். அப்பூட்டை உடைப்பதற்குப் பெயர்தான் சிமெண்டு உற்பத்தி.

இது மிகைப்படுத்திய பேச்சன்று. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் பொடித்துக் கலந்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் கல் இரண்டாகப் பிரிகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லில் 56 கிலோ சுண்ணாம்பாகத் தங்குகிறது. எஞ்சிய 44 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே வானில் ஏறிவிடுகிறது. சூளையில் தங்கியது களிமண்ணோடு கூடி உருண்டை உருண்டையான கட்டியாகிறது. கிளிங்கர் என்பது அதன் பெயர். அதனோடு சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. 1824-இல் சோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயக் கொத்தனார் ‘போர்ட்லாண்டு சிமெண்டு’க்கு உரிமம் பெற்ற நாள் தொட்டுச் சூளை எத்தனையோ மாற்றங்கள் கண்டுவிட்டது, கல் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். சிமெண்டு ஆலையிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 5-இல் 3 பங்கு கல்லிலிருந்தே வருவது. மீதிதான் எரிபொருளாலும் மின்சாரத்தாலும் வருவது. ஆகவே நிலக்கரிக்குப் பதிலாக நாளை வேறு எதை எரித்தாலும், முழுவதும் சூரிய ஒளியாலேயே ஆலையை ஓட்டினாலும், கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியேறத்தான் செய்யும். பேருந்துக்கு மின்கலம் பொருத்திவிடலாம். சுண்ணாம்புக்கல்லுக்கு என்ன பொருத்துவது?

உலகம் இன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமெண்டு செய்கிறது. மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் 100-க்கு 7 அல்லது 8 பங்கு இதனால் வருவது. சிமெண்டுத் தொழிலை ஒரு நாடாகக் கருதினால், சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய பெருநாடுகளுக்கு அடுத்த வரிசையில் அது நிற்கும். சிமெண்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் நம் பாரத நாட்டுக்கு. ஆலைப் புரட்சிக்கு முன் காற்றில் 10 இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் விழுங்கிக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் காரத்தன்மை குறைந்து சிப்பிகள் ஓடு கட்டுவது கடினமாகி வருகிறது. எந்தச் சிப்பிகள் அந்த வாயுவைக் கல்லாக்கித் தந்தனவோ, அவற்றின் சந்ததியையே நாம் அதைக் கொண்டு வதைக்கிறோம்.

இனி நமது கோயிலுக்கு வருவோம். சாம்பல் முதலியன கலந்து செய்யப்படும் இந்நாட்டுச் சிமெண்டில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சராசரியாக 30 கிலோ அளவு கரியமில வாயு வெளியாகிறது. 4,000 மூட்டைக்கு 120 டன். இந்தியர் ஒருவர் ஓராண்டு முழுதும் வெளியேற்றும் கரியமில வாயு சராசரியாக ஏறத்தாழ 2 டன். அப்படியானால் 60 பேர் ஓராண்டு வாழ்ந்து வெளியேற்றும் அளவை நம் கோபுரம் சிமெண்டால் மட்டுமே வெளியேற்றிவிடும். கம்பி, ஓடு, பளிங்கு, ஆற்றுமணல் ஆகியவற்றின் கணக்கு இதில் சேரவில்லை. பொறியாளர் தந்த மதிப்பீட்டில் இந்த வரி இல்லை. வரவு செலவுப் புத்தகத்தில் இதற்குப் பத்தியும் இல்லை. எழுதாததனால் கடன் இல்லாமற் போய்விடுமா?

கரி வரும் வழி

நம் ஊருக்கும் சிமெண்டுக்கும் என்ன தொடர்பு, இங்கே ஆலை எதுவும் இல்லையே என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. 2009 முதல் வாஞ்சூரில் இயங்கிவரும் தனியார் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளுள் முதன்மையானது நிலக்கரி. கடல் கடந்து வரும் அக்கரி நம் கரையில் மலையாகக் குவிக்கப்பட்டு, சரக்கு இரயிலில் ஏறி, நாகூர் வழியாக உள்நாட்டுக்குச் செல்கிறது. அனல்மின் நிலையங்களுக்கும் அது போகிறது. சிமெண்டு ஆலைகளுக்கும் போகிறது. காற்று அடிக்கும் நாள்களில் கரித்தூள் வந்து வீட்டுத் திண்ணையிலும் துவைத்த துணியிலும் படிகிறது என்று திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், நாகூர்ப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். தர்காவுக்கு வரும் இசுலாமியச் சகோதரரும், வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் இறைமக்களும், திருநள்ளாறு செல்லும் இந்துப் பெருமக்களும் ஒரே காற்றைத்தான் மூச்சாக இழுக்கின்றனர். கரித்தூளுக்கு மதம் தெரியாது.

அந்த இரயில் போய்ச் சேரும் இடத்தைப் பார்ப்போம். திருச்சி மாவட்டத்து டால்மியாபுரத்தில் 1939-இல் சிமெண்டு ஆலை எழுந்தது. அவ்வூருக்குக் கல்லக்குடி என்ற தமிழ்ப் பெயரை மீட்கக் கோரி 1953-இல் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்த போராட்டத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. பெயருக்காக நடந்த போராட்டம் அது. அதன் தன்மான உணர்வைப் போற்றுகிறோம். ஆனால், பெயரை மீட்டவர்களாகிய நாம், அந்தப் பெயர் குறித்த கல்லை மீட்க எண்ணியதுண்டா? இன்று அரியலூர் மாவட்டம் முழுவதும் அரசினதும் தனியாருடையதுமாக ஆலைகள் பல. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். வயலும் முந்திரித் தோப்பும் இருந்த இடத்தில் பள்ளத்தாக்குகள் போன்ற சுரங்கக் குழிகள். இரவும் பகலும் ஓடும் சுண்ணாம்புக்கல் லாரிகள். வெடி வைக்கும்போது அதிரும் சுவர்கள். வெண்தூள் படிந்த இலைகள்.

வீரமாமுனிவர் பெயரால் நாம் பெருமை கொள்கிறோம். அவர் அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பிய ஏலாக்குறிச்சி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. நம் திருப்பயணிகள் பேருந்து பிடித்து அங்கே செல்கின்றனர்; அன்னையிடம் அடைக்கலம் கேட்கின்றனர்; வழியில் உள்ள குழிகளைப் பார்த்துவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொள்கின்றனர். குடந்தை மறைமாவட்டத்தின் நம் சகோதர சகோதரிகள் தூசியை விழுங்குகிறார்கள். காரைக்கால் கரையில் நாம் கரியை விழுங்குகிறோம். இரண்டும் கூடிப் பிறந்த மூட்டையைக் கொண்டு கோபுரம் கட்டி, அதற்கு அர்ச்சிப்பு விழா நடத்துகிறோம். இது தகுமா?

மறுப்புகளும் நம் மறுமொழியும்

“ஏழைக்கு வீடு வேண்டாமா? மெத்தை வீட்டில் இருந்துகொண்டு குடிசைக்காரனுக்குச் சிமெண்டு கூடாது என்கிறீர்களா?” என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடற்கரை ஊர்களைத் துடைத்துச் சென்றதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் கூரைகளைப் பறித்துச் சென்றதையும் கண்டோம். மீனவனுக்கும் உழவுத் தொழிலாளிக்கும் உறுதியான வீடு வேண்டும், புயல் காப்பகம் வேண்டும், பாலம் வேண்டும், கடைமடையில் உப்புநீர் ஏறாமல் தடுக்கும் மதகு வேண்டும். சிமெண்டின் மீது முதல் உரிமை ஏழைக்கே. அதனால்தான் கேட்கிறோம்: அவனுக்கு உரியதை எடுத்து நாம் ஏன் அலங்கார வளைவும், இரண்டாவது கோபுரமும், ஆளுயரச் சுற்றுச்சுவரும், மலை போன்ற கெபியும், கல்லறைத் தோட்டத்தில் மாளிகை போன்ற சமாதியும் கட்டுகிறோம்? பூமி தாங்கும் அளவு ஒன்று உண்டு. அந்த அளவுக்குள் யாருக்கு முதலிடம் என்பது பொறியியல் கேள்வியன்று, நீதியின் கேள்வி.

“உலகம் கோடிக்கணக்கான டன் செய்கிறது, நம் 4,000 மூட்டையால் என்ன ஆகிவிடும்?” என்பது இரண்டாவது மறுப்பு. இதே நாவினால்தான் ஞாயிறுதோறும் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைப் புகழ்கிறோம். நன்மைக்குச் சிறுமை தடையில்லை என்றால், தீமைக்கும் சிறுமை மன்னிப்பாகாது. அன்றியும் ஒரு பங்கு கட்டினால் அண்டைப் பங்கு அதைவிட உயரமாகக் கட்டுகிறது. போட்டியை யார் தொடங்கினார் என்று யாருக்கும் தெரியாது. யார் நிறுத்தலாம் என்பது மட்டும் தெரியும். எந்தப் பங்கும் நிறுத்தலாம்.

“பழங்காலச் சுண்ணாம்புக் கட்டடம் ஒருநாள் தலையில் விழும். புதுச்சேரி மேரி கட்டடம் விழவில்லையா?” என்பது மூன்றாவது மறுப்பு. 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த நகர மன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது உண்மை. அந்த இழப்பை நாமும் வருந்துகிறோம். ஆனால் அது முதுமையினால் மட்டும் விழவில்லை. ஆண்டாண்டாகப் பேணாமையினால் விழுந்தது. தூம்பை அடைத்த இலையை அகற்றாமல், சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காமல் விட்டால் எக்கட்டடம்தான் நிற்கும்? கான்கிரீட்டாவது நிற்குமா? இக்கடற்கரையில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேற்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. 20 ஆண்டு நிறைவதற்குள் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து, விலா எலும்பு தெரிவது போலக் கம்பி தெரியும் வீடுகளை நம் கரையோர ஊர்களில் போய்ப் பாருங்கள். கம்பியே இல்லாத சுண்ணாம்புச் சுவருக்கு அந்த நோய் இல்லை.

சுண்ணாம்பும் சூளையில் வெந்ததுதானே என்று வேதியியல் கற்ற வாசகர் கேட்பார். ஆம். அதுவும் சுடும்போது கரியமில வாயுவை விடுகிறது. ஆனால் அதற்கு ஏறத்தாழ 900 டிகிரி வெப்பம் போதும். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல உள்வாங்கித்தான் அது மீண்டும் கல்லாக இறுகுகிறது. எரித்த விறகின் புகை திரும்பாது. கல் விட்டது பெரும்பாலும் திரும்பும். சிமெண்டும் பல்லாண்டுகளில் ஓரளவு உள்வாங்கும். ஆயின் விட்டதில் ஒரு பகுதியை மட்டுமே. இவ்வேறுபாட்டை நம் முன்னோர் வேதியியல் நூலில் கற்கவில்லை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து, செக்கில் அரைத்த சுண்ணாம்பால் அவர்கள் கட்டிய மெட்ராஸ் தளங்கள் இன்றும் குளிர்ச்சி தருகின்றன. நம் கடற்கரையில் கிளிஞ்சல்மேடு என்றே ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. கிளிஞ்சலைச் சுடும் காளவாய்கள் இருந்த கரை இது. சென்னையில் 1904-இல் நம் நாட்டின் முதல் சிமெண்டைச் செய்ய முயன்றவர்கள்கூடக் கடற்சிப்பியைக் கொண்டுதான் முயன்றார்கள்.

“சிமெண்டை நம்பி வாழும் தொழிலாளி என்ன ஆவான்?” என்பது நான்காவது மறுப்பு. ஆலைத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் கொத்தனாரும் சித்தாளும் நம் பங்கு மக்களே. அவர்கள் சோற்றில் மண் போடுவது நம் நோக்கமன்று. பழுதுபார்க்கும் வேலையில் பொருளுக்குப் போகும் பணம் குறைவு, கைக்குப் போகும் கூலி மிகுதி என்பதை அனுபவமுள்ள எந்தக் கொத்தனாரும் சொல்வார். ஆலைகளும் மாறலாம். கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த புதுவகைச் சிமெண்டைச் சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் கூடி உருவாக்கியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் தில்லி ஐ.ஐ.டி.யும் அதில் பங்கேற்றன. கரியமில வாயுவை 100-க்கு 30 முதல் 40 பங்கு வரை அது குறைக்கும் என்கிறார்கள். அறிவு இருக்கிறது, கேட்டு வாங்குவோர் வேண்டும். ஆனால் எந்தப் புதுவகைச் சிமெண்டும், தேவையில்லாத கோபுரத்தைத் தேவையானதாக மாற்றிவிடாது.

“பங்குச்சாமி பூசை வைத்தால் போதாதா, புகைபோக்கி பற்றிப் பேசுவானேன்?” என்பது ஐந்தாவது மறுப்பு. இதை நேரில் சொல்லமாட்டார்கள். கோயிலுக்கு வெளியே நின்று சொல்வார்கள். 1990-ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியிலேயே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் படைப்பின் சீரழிவை ஒழுக்கநெறிச் சிக்கல் என்று எடுத்துரைத்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை இதற்கென்றே எழுதினார். 2023 அக்டோபரில் மீண்டும் ஒரு மடல் எழுதி, நாம் செவிசாய்க்காததை வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். அம்மடல்களை மறைமாவட்டக் கூட்டங்களில் கருத்தரங்கு வைத்துப் பாராட்டுகிறோம். கருத்தரங்கு நடத்தும் அரங்கத்தை மட்டும் கான்கிரீட்டில் விரிவுபடுத்துகிறோம்.

நமது குற்றம்

இங்கே ஓர் அறிக்கையிடுதல் தேவைப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, நாமே ஒரு முகமண்டபம் கட்டினோம். கோயில் முற்றத்தில் இருந்த மணலை அள்ளிவிட்டுச் சிமெண்டுத் தளம் போட்டோம். வெயிலுக்கு நிழல் தந்த இரண்டு புன்னை மரங்களை, தளத்தைப் பிளந்துவிடும் என்று வெட்டினோம். திறப்பு விழாவில் நம் பெயரைப் பளிங்கில் பொறித்தார்கள், மறுக்கவில்லை. 18 ஆண்டுகள் சென்றபின் அங்கே போனோம். மண்டபத்தின் அடிக்கூரை பெயர்ந்து, மக்கள் அதன்கீழ் நிற்க அஞ்சிக் கயிறு கட்டியிருந்தார்கள். முற்றத்தில் மழைநீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, கோயிற் சுவரின் அடியை அரித்திருந்தது. மதிய வெயிலில் தளம் கொதித்தது. முன்பு புன்னை நிழலில் மறைக்கல்வி படித்த பிள்ளைகள் ஒருவரையும் காணோம். பளிங்கில் நம் பெயர் மட்டும் புதிதாக இருந்தது. அந்தப் பளிங்கின் முன் நின்ற நேரம்தான் இக்கட்டுரையின் தொடக்கம்.

குருக்களாகிய நாம் ஏன் கட்டுகிறோம் என்பதை மனந்திறந்து பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. ஐந்தாண்டு ஒரு பங்கில் இருந்தால், போகும்போது கண்ணுக்குத் தெரியும்படி எதையேனும் விட்டுச்செல்ல மனம் விழைகிறது. மனங்களில் கட்டியது நிழற்படத்தில் விழாது; மண்டபம் விழும். இறைமக்களும் அதற்குத் துணை போகிறார்கள். ‘அந்தச் சாமி ஒன்றும் செய்யவில்லை’ என்று சொன்னால், ‘ஒன்றும் கட்டவில்லை’ என்பதே அதன் பொருள். நோயாளியைத் தேடிப் போன குருவுக்குக் கல்வெட்டு இல்லை. தொடக்கநூலில் பாபேல் கோபுரம் கட்டியவர்களும் தங்களுக்குப் பேர் உண்டாக்கவே கட்டினார்கள் என்பதை நினைவிற் கொள்வோம். அவர்களும் சூளை போட்டுத்தான் தொடங்கினார்கள்.

இதற்கு எதிராக வேறொரு கட்டடக்காரரை நம் மரபு காட்டுகிறது. அசிசி நகரத்து இளைஞர் பிரான்சிசு, இடிந்துகொண்டிருந்த சான் தமியானோ சிற்றாலயத்தில் சிலுவை முன் மண்டியிட்டிருந்தபோது, சிதைந்த தம் இல்லத்தைச் செப்பனிடுமாறு ஆண்டவர் பணித்ததாக வரலாறு கூறுகிறது. அவர் அதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டவில்லை. தெருத்தெருவாகக் கல் இரந்து வந்து, தம் கையாலேயே பழுதுபார்த்தார். அப்பணி திருச்சபையையே புதுப்பிக்கும் பணிக்கு வித்தாயிற்று. மறைந்த திருத்தந்தை தமக்குத் தெரிந்தெடுத்த பெயரும் அவருடையதே. நாம் மட்டும் அவரது விழாவுக்குக் கொடியேற்றிவிட்டு, அவர் செய்யாததைச் செய்கிறோம்.

செய்யத்தக்கவை

வெறும் கண்டனத்தோடு நிறுத்திவிட்டால் இதுவும் ஓர் அலங்கார வளைவே ஆகிவிடும். ஆகவே நம் கருத்தில் பட்டவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எந்தக் கோயிலையும், பழைய கட்டடக் கலையறிந்த வல்லுநர் ஒருவர் பார்த்துத் தீராத பழுது என்று எழுதித் தந்தாலொழிய, இடிக்க அனுமதியில்லை என்று மறைமாவட்ட அளவில் விதி வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு கட்டட விண்ணப்பத்திலும் பண மதிப்பீட்டோடு சிமெண்டு, கம்பி, மணல் ஆகியவற்றின் அளவும், வெளியாகும் கரியமில வாயுவின் கணக்கும் இடம்பெற வேண்டும். மூட்டை எண்ணிக்கையை 30-ஆல் பெருக்கத் தெரிந்த எந்த மாணவனும் அதைச் செய்துவிடுவான். மூன்றாவதாக, கட்டியே ஆக வேண்டிய இடத்தில், சாம்பலோ கசடோ சேர்ந்த கலப்புச் சிமெண்டையே வாங்குவோம். பூச்சுக்கும் தளத்துக்கும் சுண்ணாம்பைத் திரும்பக் கொணர்வோம். அக்கலை தெரிந்த முதிய கொத்தனார்கள் மறைவதற்குள் நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் இளைஞருக்கு அதைக் கற்பிப்போம். நான்காவதாக, சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடைபெறும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் அன்பியங்கள் கலந்துகொள்ள வேண்டும். கரித்தூளைக் குறித்துக் கேட்கும் நாகூர்ச் சகோதரரோடும், குழியைக் குறித்துக் கேட்கும் அரியலூர் உழவரோடும் கரம் கோக்க நமக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

ஐந்தாவது, நம் சொந்தப் பங்கைப் பற்றியது. வடமேற்கு மூலையைப் பழைய முறையிலேயே செப்பனிட ஆகும் செலவைக் கேட்டறிந்தோம். புதுக்கோயிலுக்கு ஆவதில் அது மிகச் சிறு பகுதி. வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனுப்ப முன்வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அரசலாற்றங்கரையில், ஒவ்வோர் ஐப்பசியிலும் உப்புநீர் ஏறும் கூரைக் குடிசைகளில் நம் பங்குக் குடும்பங்கள் சில இருக்கின்றன. அக்குடும்பங்களுக்கு உயர்ந்த அடித்தளத்தில் வீடு கட்டித் தருவோம். அங்கே சிமெண்டு தேவைப்படும், தாராளமாக வாங்குவோம், அந்த மூட்டைகளுக்காக நாம் இறைவன் முன் தலைகுனிய வேண்டியிராது.

இந்தக் கருத்து பேரவையில் ஏற்கப்படுமா என்பது இதை எழுதும் இவ்வேளையில் நமக்குத் தெரியாது. அடுத்த திங்களில் வாக்கெடுப்பு. பலருக்கு நம்மீது வருத்தம். ஆண்டவருக்குப் பெரிய இல்லம் கட்டுவதைப் பங்குத்தந்தையே தடுக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். மனத்தாங்கலோடு வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தவரும் உண்டு. எதிர்ப்பவர்கள் நம் பகைவரல்லர்; கோயிலின்மீது கொண்ட அன்பினால்தான் பேசுகிறார்கள். அந்த அன்பை நாம் ஐயுறவில்லை. எந்த அன்பும் தான் நேசிப்பதை இடிப்பதில் தொடங்காது என்று மட்டும் அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்துவிட்டதாக அறிவியலார் அளந்து கூறுகின்றனர். மேட்டு நிலத்தாருக்கு 20 செ.மீ. ஒரு சாண் அளவுதான். காவிரியின் கடைமடையில், கடலோடு ஏறத்தாழச் சமமாகக் கிடக்கும் நமக்கு அது வயலுக்கும் உப்பளத்துக்கும் உள்ள வேறுபாடு. கடல் மெல்ல ஏறிவரும் கரையில், அக்கடலை ஏறச்செய்யும் பொருளால் கோபுரம் எழுப்பி, அதன் உச்சியில் சிலுவை வைப்பதா? அச்சிலுவையில் தொங்குபவர் நம்மிடம் என்ன கேட்பார்?

வாக்கெடுப்பு நாளில் அந்த மூதாட்டியை முதல் வரிசையில் அமரச் சொல்லியிருக்கிறோம். நமது உரையை நீட்டப் போவதில்லை. அவர் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கச் சொல்லப் போகிறோம். இம்முறை யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். இதைப் படிக்கும் வாசகர்களே, உங்கள் பங்கிலும் ஒரு வரைபடம் எங்கேனும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதை விரிக்கும் நாளில் நீங்களும் சற்றே உட்காருங்கள், கணக்குப் பாருங்கள்.